கர்ப்பப்பை வருத்தமும் ஓப்பரேசனும்: யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அம்மா, உங்களுக்கு முந்தி என்ன ஓப்பரேசன் செய்தது?" என்று பெண்கள் விடுதியில் கேட்டால், "கர்ப்பப்பை எடுத்தது பிள்ளை" என்று பதில் வரும். சூலகங்களையும் சேர்த்து எடுத்ததா, கருப்பைக் கழுத்தை விட்டார்களா, எடுத்ததைச் சோதித்த முடிவு என்ன என்று அடுத்துக் கேட்டால், "அதெல்லாம் டொக்டர்மாருக்குத்தான் தெரியும்" என்பார்கள். தாதியாக நான் வேலை செய்த காலம் முழுவதும் கேட்ட பதில் இது.

டொக்டருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 42 வயதில் இரண்டு சூலகங்களையும் இழந்த பெண்ணுக்குச் சில நாட்களிலேயே உடம்பு கொதிக்கத் தொடங்கும், நித்திரை குழம்பும், எலும்பும் வேளைக்கே பலவீனப்படும். அவளுக்கு அதற்கு மருந்து உண்டு. ஆனால் சூலகம் போன விஷயமே தெரியாதவள் அந்த மருந்தை எப்படிக் கேட்பாள்? கருப்பைக் கழுத்து இன்னும் இருக்கிற பெண், "எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே" என்று, கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் உண்டா என்று பார்க்கும் பப் பரிசோதனையைக் கைவிட்டால் அதுவும் ஆபத்து. எதை எடுக்கப்போகிறார்கள், எதை விடுகிறார்கள், ஏன் என்பது கத்தி வைக்க முதலே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த அறிகுறிக்குப் போகவேண்டும்

மாதவிடாய் ஏழு எட்டு நாட்களைத் தாண்டிப் போவது, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைவது, பெரிய கட்டிகளாக இரத்தம் போவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலே காட்டவேண்டும். எங்கள் பெண்கள் இதை "அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று வருடக்கணக்காகத் தாங்குவார்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்ணுக்கு இரத்தச்சோகை. 6, 7 என்று விழுந்த பிறகு தலைச்சுற்றி விழுந்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த நிலையில் ஓப்பரேசன் தேவைப்பட்டாலும் உடனே செய்ய முடியாது. முதலில் இரத்தத்தை ஏற்றவேண்டும்.

ஒரு மாதவிடாய்க்கும் மற்றதற்கும் இடையில் இரத்தம் படுவது, உடலுறவுக்குப் பிறகு படுவது, மணத்தோடு வெள்ளைபடுவது, அடிவயிற்றில் கட்டி தட்டுப்படுவது, கீழே ஏதோ இறங்குவதுபோல இருப்பது, இருமினால் சலம் போவது ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைச் சோதித்தே ஆகவேண்டும். "திரும்ப வந்திட்டுது" என்று சிரித்துக்கொண்டு விடும் அம்மாமார் உண்டு. பெரும்பாலானோருக்கு அது சாதாரண காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இப்படித்தான். நேரத்துக்குப் பிடித்தால் ஓப்பரேசனோடு முடிந்துபோகக்கூடிய நோய் அது.

வெளிநோயாளர் பகுதி, கிளினிக் நாள் என்று பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டிய நிலைகளும் உண்டு. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் கடும் நோ, தோள்மூட்டில் நோ, மயக்கம் வந்தால், கரு கருப்பைக்குள் வராமல், சூலகத்திலிருந்து கருப்பைக்குப் போகும் குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். உள்ளே இரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சமாகத்தான் தெரியும். திடீரென்று வெட்டி எடுப்பதுபோல நோவும் சத்தியும் வந்தால் சூலகக் கட்டி முறுகியிருக்கலாம். நேரம் போகப் போகச் சூலகத்துக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கரு கலைந்து இரத்தம் போகிற எந்தப் பெண்ணும், என்ன காரணமாக இருந்தாலும், விசாரிப்பார்களோ என்று பயந்து வீட்டில் கிடக்கக் கூடாது. வைத்தியம் அவளுக்கு உண்டு.

2. எங்கே போவது

வருத்தம் ஒன்றும் இல்லாத பெண்களுக்கு முதல் படி, அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக். இலங்கையில் இந்தக் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. குறிப்பாக 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து மார்பு, பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் குறிச்சிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேளுங்கள். பிள்ளை பெற்ற காலத்தில் வீடு தேடி வந்த அதே ஆள்தான், பிள்ளை வளர்ந்த பிறகும் உங்களுக்கு உதவக் கூடியவர்.

வருத்தம் இருந்தால், பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்ணியல் கிளினிக் இருக்கிறது. தெல்லிப்பழை, சாவகச்சேரி, மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் கிட்ட உள்ளவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. குடும்ப டொக்டரிடமோ வெளிநோயாளர் பகுதியிலோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை இலகு. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024இல் நெதர்லாந்தின் உதவியுடன் பெண்கள் நலத்துக்கென்றே ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். வன்னிப் பக்கத்துப் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தனியாரிடம் சனல் பண்ணிப் பார்ப்பவர்கள் பலர். அதில் பிழையில்லை, காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் வி.ஓ.ஜி. என்று நாங்கள் சொல்லும் அதே பெண்ணியல், மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர்தான் அரச ஆஸ்பத்திரியிலும் இருப்பார். நகையை அடகு வைத்து ஓப்பரேசன் செய்ய முடிவெடுக்க முன்னர், "இதை அரச ஆஸ்பத்திரியில் செய்ய எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அதுவரை பொறுக்கலாமா?" என்று அவரிடமே கேளுங்கள். பல வருத்தங்கள் சில மாதம் பொறுக்கக் கூடியவை.

இந்த மண்ணில் பெண்களுக்கென்று வைத்தியம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்தார். இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி அந்த நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எழுந்தது. தமிழில் கேட்டுத் தமிழில் விளங்கிக்கொள்வதற்கு நாங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

3. போக முன் ஆயத்தம்

ஒரு கொப்பியில் எழுதுங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, கூடப்போகிற நாளில் எத்தனை பாட். எத்தனை பிள்ளைகள், சுகப்பிரசவமா சிசேரியனா, கலைந்த கரு உண்டா என்பதையும் எழுதுங்கள். முந்திய ஓப்பரேசன்கள், பிரஷர், நீரிழிவு, தைரோயிட், ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் அவையும் வேண்டும். போடுகிற குளிசைகளின் மட்டைகளையே பையில் வைத்துக்கொள்ளுங்கள். "சின்ன வெள்ளைக் குளிசை" என்றால் யாருக்கும் விளங்காது. நாட்டு மருந்து, கசாயம் குடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் இரத்தத்தை உறையவிடாமல் பண்ணும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலுக்குப் போகவேண்டும் என்று, பாமசியில் தானாகவே பிரிமொலுட் வாங்கிப் போட்டு மாதவிடாயைத் தள்ளிவைப்பவர்கள் நிறைய. அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். ஆனால் போன மாதம் அந்தக் குளிசை போட்டிருந்தால் இந்த மாத இரத்தப்போக்கின் கணக்கே மாறிவிடும். காலில் இரத்தம் உறைந்த வரலாறு, ஈரல் நோய், மார்புப் புற்றுநோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

வயிற்றுக்கு மேலால் ஸ்கான் செய்வதென்றால் தண்ணீர் குடித்து சலப்பையை நிரப்பிக்கொண்டு போகவேண்டும். யோனி வழியான ஸ்கானுக்கு சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். பப் பரிசோதனைக்கு மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முந்திய இரண்டு நாட்கள் உள்ளே மருந்து வைக்கவோ உடலுறவு கொள்ளவோ வேண்டாம்.

4. சோதனை அறைக்குள்

வி.ஓ.ஜி. ஆண் டொக்டராக இருப்பார் என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது. உள்பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். நிற்காவிட்டால் "மிஸ் ஒருவர் நிற்க வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை. சோதனை ஓரிரண்டு நிமிடம்தான். கால்களைத் தளர்த்தி, வாயால் மெதுவாக மூச்சு விட்டால் நோவு குறைவு. நொந்தால் "நோகுது, நிற்பாட்டுங்கோ" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள்.

கலியாணம் கட்டாத பிள்ளைகளுக்கு உள்பரிசோதனை செய்வார்களோ என்று தாய்மார் பயந்து, அந்தப் பிள்ளையை மாதாமாதம் நோவில் துடிக்க விடுவதைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. அவர்களுக்கு வயிற்றுக்கு மேலால்தான் ஸ்கான் செய்வார்கள். பள்ளிக்கூடம் போக முடியாத அளவு மாதவிடாய் நோ என்பது தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே சூலகத்திலும் குழாயிலும் வளரும் வருத்தம் அது. நேரத்தோடு பார்த்தால் பின்னாளில் பிள்ளைப்பேற்றுக்கு வரும் தடைகளைக் குறைக்கலாம்.

தாயையோ மாமியையோ வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இருந்தால், "தனியாக் கதைக்கலாமா டொக்டர்?" என்று கேளுங்கள். அவர் ஆட்களை வெளியே அனுப்புவார்.

ஸ்கான் ரிப்போர்ட்டில் "பைப்ரோயிட்" என்றோ "சிஸ்ட்" என்றோ இருந்தவுடன் புற்றுநோய் என்று அழவேண்டாம். பைப்ரோயிட் கருப்பைத் தசையில் வளரும் கட்டி. அது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. தொல்லை தராவிட்டால் அதைத் தொடவே தேவையில்லை, மாதவிடாய் நின்ற பிறகு தானாகவே சுருங்கும். சூலகச் சிஸ்டுகளில் பல, மாதச் சுழற்சியால் வந்து இரண்டு மூன்று மாதத்தில் மறைந்துவிடும். மாதவிடாய் வருகிற வயதில் 5 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சாதாரண நீர்க்கட்டிக்கு ஓப்பரேசன் பெரும்பாலும் தேவைப்படாது. சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை கூடியிருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நாள், கிருமித்தொற்று என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

5. சிறிய சத்திரசிகிச்சைகள்

டி அன்ட் சி என்பதில் கருப்பை வாயை விரித்து உட்சுவரைச் சுரண்டி எடுப்பார்கள். கரு கலைந்து மிச்சம் தங்கினால் உறிஞ்சி எடுப்பதும் உண்டு. அன்றைக்கே அல்லது மறுநாள் வீடு போகலாம். இப்போது பல இடங்களில், உட்சுவரில் சிறிது சதை எடுக்க மயக்க மருந்தே இல்லாமல் மெல்லிய குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஹிஸ்டரொஸ்கொபி என்றால் மெல்லிய கமெராவைக் கருப்பைக்குள் விட்டு நேரே பார்ப்பது. உள்ளே பொலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தால் அப்படியே எடுத்துவிடலாம்.

பப் முடிவில் மாற்றம் கண்டால் கொல்பொஸ்கொபி செய்து, அதாவது கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் கருப்பைக் கழுத்தின் மாறிய பகுதியை மட்டும் கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் விறைக்கப் பண்ணிச் செய்யலாம். புற்றுநோய் வர முன்னரே அதன் வழியை அடைக்கும் சிகிச்சை இது. பிறகு நாலு கிழமைக்கு உடலுறவு வேண்டாம். இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிராக 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையெழுத்து வையுங்கள்.

யோனி வாசலில் வீங்கிச் சீழ் பிடிக்கும் பார்த்தொலின் கட்டியை வெட்டித் திறந்துவிடுவது சின்ன வேலை. வெட்கத்தில் ஒரு கிழமை தாமதித்தால் இருக்கவும் முடியாத நோவாகிவிடும்.

6. கமெரா ஓப்பரேசன்

லப்பரொஸ்கொபிக்கு வயிற்றில் 5 முதல் 10 மில்லிமீற்றர் அளவில் சில துளைகள் போடுவார்கள். உள்ளே காபனீரொட்சைட் வாயுவை நிரப்பி, கமெராவில் பார்த்துச் செய்வார்கள். சூலகச் சிஸ்ட் எடுப்பதும், குழாயில் தங்கிய கருவை எடுப்பதும், எண்டோமெட்ரியோசிஸைச் சுடுவதும் அகற்றுவதும் இப்படிச் செய்யலாம். பிறகு தோள்மூட்டில் நோ வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ஓரிரண்டு நாளில் போய்விடும். இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலானோர் வழமைக்குத் திரும்புவார்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "சிஸ்டை மட்டும் எடுப்பீர்களா, சூலகத்தோடா?" பிள்ளை பெறும் வயதில் முடிந்தவரை சூலகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். உள்ளே போன பிறகு எதிர்பாராத ஒட்டுகளோ இரத்தப்போக்கோ இருந்தால் வயிற்றைத் திறக்கவும் நேரலாம். அதையும் முன்கூட்டியே கேட்டு மனதைத் தயார்ப்படுத்துங்கள்.

7. கர்ப்பப்பை எடுக்க முன்

இந்த இடத்தில்தான் நான் நின்று பேச விரும்புகிறேன். "பிள்ளை பெத்து முடிஞ்சுது, இனி என்னத்துக்கு அது?" என்று உறவுக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கூடிய இரத்தப்போக்குக்கு முதலில் மருந்து இருக்கிறது. ட்ரனெக்ஸமிக் அசிட், மெபனமிக் அசிட் குளிசைகள் மாதவிடாய் நாட்களில் மட்டும் போடுவது. ஹோர்மோன் குளிசைகளும் உண்டு. ஹோர்மோன் சுரக்கும் மிரேனா வளையத்தைக் கருப்பைக்குள் வைத்தால் பலருக்குச் சில மாதங்களில் இரத்தம் மிகக் குறைந்துவிடும். வருடக்கணக்காக வைத்திருக்கலாம். பலருக்கு ஓப்பரேசனே தேவையில்லாமல் போகும். பைப்ரோயிட் உள்ள பெண்ணுக்கு இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைத் தைத்துவிடலாம். ஆனால் கட்டி திரும்ப வரலாம். அடுத்த பிரசவம் சிசேரியனாகவும் ஆகலாம்.

இவை சரிவராதபோதும், கட்டி மிகப் பெரிதானபோதும், புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையோ தெரிந்தபோதும் கர்ப்பப்பை எடுப்பது சரியான முடிவு. அப்போது தயங்கவும் கூடாது. புற்றுநோய் என்றால் மேற்கொண்டு சிகிச்சைக்குத் தூரம் அலையத் தேவையில்லை. மக்கள் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

எடுப்பதென்று முடிவானால் நாலு விஷயம் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கருப்பைக் கழுத்தும் சேர்த்து எடுப்பீர்களா? பொதுவாக எடுப்பார்கள். விட்டால் பப் பரிசோதனை தொடர வேண்டும்.

சூலகங்களை எடுப்பீர்களா? மாதவிடாய் இன்னும் வருகிற பெண்ணுக்கு நல்ல சூலகத்தை எடுப்பதற்கு ஒரு வலுவான காரணம் வேண்டும். குடும்பத்தில் மார்பு, சூலகப் புற்றுநோய் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், கணக்கு மாறும். இளவயதில் எடுக்க நேர்ந்தால், தடை ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஐம்பது வயதளவு வரை ஈஸ்ட்ரஜன் மருந்து கொடுப்பதுண்டு. அதைப்பற்றி ஓப்பரேசனுக்கு முன்னரே கதையுங்கள்.

குழாய்களை எடுப்பீர்களா? சூலகப் புற்றுநோய்களில் பல குழாயின் நுனியில் தொடங்குவதால், கர்ப்பப்பையோடு குழாய்களையும் எடுப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. குழாய் போவதால் ஹோர்மோன் குறையாது.

எந்த வழியால்? யோனி வழியாகவோ கமெராவாலோ செய்தால் நோவும் குறைவு, வேளைக்கு வீடு போகலாம். கட்டி பெரிதென்றால் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் கீழே குறுக்காக, சில வேளை நெடுக்காக வெட்டுவார்கள்.

ஆபத்துகளையும் நேராகச் சொல்கிறேன். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் இரத்தம் உறைதல், சலப்பைக்கோ சலக்குழாய்க்கோ குடலுக்கோ காயம். இவை அடிக்கடி நடப்பவை அல்ல. ஆனால் முந்தி சிசேரியன் செய்தவர்களுக்குச் சலப்பை கருப்பையோடு ஒட்டியிருக்கலாம். எத்தனை சிசேரியன் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கர்ப்பப்பை போனால் உடம்பு பெருக்கும், கணவனோடு சேர முடியாது, பெண்மை போய்விடும் என்ற கதைகளை நம்பாதீர்கள். சூலகம் இருந்தால் ஹோர்மோன் சுரக்கும். மாதவிடாய் வராது, பிள்ளை தங்காது. மாறுவது அவ்வளவுதான். பல வருட இரத்தப்போக்கிலிருந்து மீண்ட பெண்கள் "இப்பத்தான் மனுசியா இருக்கிறன்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

8. அடி இறங்கினால்

தோட்டத்தில் பாரம் தூக்கியும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தும் பல பிள்ளை பெற்றும் வந்த எங்கள் அம்மாமாருக்கு, கர்ப்பப்பை தளர்ந்து யோனி வழியாகக் கீழே இறங்கும் இது பெரிய வருத்தம். நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் அதைக் கூட்டும். துணியால் கட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், வருடக்கணக்கில் நடமாடியவர்கள் உண்டு.

தொடக்கத்தில் இடுப்புத்தசைப் பயிற்சி உதவும். சலத்தை அடக்குவதுபோல இறுக்கி, பத்து வரை எண்ணி, விடவேண்டும். பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். ஓப்பரேசன் தாங்க முடியாத வயதானவர்களுக்கு உள்ளே ஒரு வளையம் வைப்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் மாற்றவேண்டும். மற்றவர்களுக்கு யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த சுவர்களை இறுக்கித் தைப்பார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. 70 வயது தாண்டியவர்களும் விறைப்பு ஊசியோடு இதைச் செய்து நிம்மதியாக நடக்கிறார்கள்.

9. கையொப்பமும் முந்திய நாளும்

சம்மதப் பத்திரத்தில் வைப்பது உங்கள் கையொப்பம். கணவரோ மகனோ கூட நிற்பது நல்லது, ஆனால் முடிவு உங்களுடையது. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டொக்டர் சிங்களம் பேசுபவராக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியையும் விளங்கிக்கொள்ளுங்கள். விளங்காமல் வைக்கிற கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது.

ஹீமோகுளோபின் குறைவென்றால் இரும்புக் குளிசையை வாரக்கணக்கில் முன்னரே தொடங்கவேண்டும். அதைப் பிளேன்டீயோடு போட்டால் உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது. அஸ்பிரின், குளொபிடோகிரல், வோர்பரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை போடுகிறவர்கள் எப்போது நிறுத்துவதென்று கேட்கவேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் குளிசையை அன்று காலை போடலாமா என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள்.

திடமான சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன். விடுதியில் வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பசிக்குதே என்று ஒளித்து ஒரு பிஸ்கட் சாப்பிட்டால், மயக்கத்தில் அது சுவாசப்பைக்குள் போகலாம். உயிருக்கே ஆபத்து. உரோமத்தை வீட்டில் பிளேட்டால் மழிக்காதீர்கள். சின்னக் கீறலிலும் கிருமி புகும். நகச்சாயத்தை அழியுங்கள், விரலில் பூட்டும் கருவி ஒட்சிசனைச் சரியாகக் காட்டாது.

தாலிக்கொடியைக் கழற்றுவது எங்கள் பெண்களுக்கு மனவருத்தம் தரும் விஷயம். தியேட்டரில் மின்சாரத்தால் இரத்தக்குழாய்களைச் சுடுவார்கள், உலோகம் உடம்பில் பட்டால் அந்த இடம் எரியலாம். வீட்டிலேயே, பூசையறையில், உங்கள் கையால் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாருங்கள். விடுதியில் அவசர அவசரமாகக் கழற்றி யாரிடமோ கொடுத்து அழுவதைவிட அது எவ்வளவோ மேல். தோடு, மூக்குத்தி, மெட்டியும் வீட்டில் இருக்கட்டும்.

10. ஓப்பரேசன் நாளும் விடுதியும்

முதுகில் விறைப்பு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே உணர்விருக்காது, நினைவிருக்கும். முழு மயக்கமென்றால் விழிக்கும்போது தொண்டை கரகரக்கும். சலக்குழாய் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மறுநாள் எடுப்பார்கள். நோவை அடக்கிக்கொண்டு கிடக்காமல் மருந்து கேளுங்கள். நோ குறைந்தால்தான் எழும்பி நடக்கலாம். வேளைக்கு நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாது, குடலும் வேலை செய்யத் தொடங்கும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள்.

யோனி வழி ஓப்பரேசனுக்கு இரண்டு மூன்று நாளிலும் வயிற்றைத் திறந்ததற்கு மூன்று முதல் ஐந்து நாளிலும் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள். நெடுந்தீவு, நயினாதீவிலிருந்து வந்தவர்கள் அதை முதல் நாளே விடுதியில் சொல்லுங்கள். குறிகட்டுவான் படகும் கடலும் உங்களுக்குத்தான் தெரியும். திரும்பி ஓடி வருவது சுலபமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் கூட வைத்திருக்க யோசிப்பார்கள்.

11. வீட்டில் ஆறு கிழமை

சாப்பாட்டில்தான் எங்கள் வீடுகளில் பெரிய பிழை நடக்கிறது. கிரந்தி, புண்ணை ஆறவிடாது என்று மீனையும் முட்டையையும் நிறுத்தி, சோறும் ரசமும் மட்டும் கொடுப்பார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு, உழுந்து, பால், எல்லாம் சாப்பிடலாம். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அதே சுறா வறையை இவளுக்கும் செய்து கொடுங்கள். முருங்கையிலையும் கீரையும் பழமும் மலச்சிக்கலைத் தடுக்கும். முக்குவது உள்தையலுக்குக் கேடு. உங்களுக்கு முந்தியே ஒவ்வாத சாப்பாட்டை மட்டும் விடுங்கள்.

குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல் கழுவி ஒற்றித் துடைக்க வேண்டும். மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் பூச வேண்டாம். கட்டிலிலேயே கிடப்பது ஓய்வல்ல, வீட்டுக்குள் நடந்து திரியுங்கள். கிணற்றில் அள்ளுவது, குடம் தூக்குவது, தேங்காய் திருவக் குந்தி இருப்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது ஆறு கிழமைக்கு வேண்டாம். ஸ்கூட்டியையும் நாலு முதல் ஆறு கிழமைக்குத் தொடாதீர்கள். உடலுறவு ஆறு கிழமைக்குப் பிறகு, கிளினிக்கில் காட்டிய பின். கணவருக்கு இதைச் சொல்லச் சங்கடமென்றால் டொக்டரையே சொல்லச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பழுப்பு நிறக் கசிவு சில கிழமைக்கு இருக்கும். ஆனால் 38 பாகைக்கு மேலே காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு மணித்தியாலத்தில் பாட் நனையும் இரத்தம், சலம் போக முடியாமை, யோனி வழியாகச் சலம் ஒழுகுதல், வயிறு ஊதிச் சத்தி எடுத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சு நோ, மூச்சு முட்டல்: இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றே போங்கள். கடைசி இரண்டில் ஒன்று வந்தாலும் நேரே 1990.

12. பரிசோதனை முடிவு

எடுத்த உறுப்பைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பயொப்சி முடிவு வரச் சில கிழமை ஆகும். தையல் ஆறிவிட்டது, இனி என்னத்துக்குக் கிளினிக் என்று நிற்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எதிர்பாராத புற்றுநோய் தெரிந்து, பெண்ணைத் தேடிப் பிடிக்க முடியாமல் விடுதி தவித்த சந்தர்ப்பங்கள் உண்டு. துண்டு வெட்டும்போதே சரியான தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். "பயொப்சி முடிவு எப்ப வரும், எங்க வந்து எடுக்கிறது?" என்று கேட்டுத் திகதியை எழுதுங்கள்.

அந்த முடிவு, நோய்நிர்ணய அட்டை, ஸ்கான் ரிப்போர்ட் மூன்றையும் ஒரு கோவையில் போட்டு, அதன் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி, எதை எடுத்தது, எதை விட்டது, முடிவு என்ன. காணி உறுதி வைக்கிற இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து, பிரான்சிலோ கனடாவிலோ இருக்கிற மகளுக்கும் அனுப்பிவிடுங்கள். தாய்க்குச் சூலகத்தில் என்ன வந்தது என்று நாளைக்கு அவளுடைய டொக்டர் அவளிடம் கேட்பார்.